தண்ணீர் ஊற்றிப் பார்த்த கல்

லெஸ்டர், இங்கிலாந்து
மார்ச் 9

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் என் தலைக்கு மேலேயே இருந்தது. கூரை ஒழுகிவிட்டது. கல்லிடைக்குறிச்சி வீட்டுக்குப் பழைய ஓடு தேடி நீ அலைவதைப் படித்துக்கொண்டிருந்த அன்றுதான், மாடி அறையின் மச்சில் தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை படர்ந்திருப்பதைப் பார்த்தேன். உனக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் ஒரே பிடுங்கல்.

இந்தத் தெரு வீடுகள் 1890களில் கட்டியவை. கூரை முழுக்க சிலேட்டு. ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகினோமே, கோவை இலையைக் கசக்கித் தேய்த்தோமே, அதே சாதிக் கல்தான். ஜனவரிக் காற்றில் சில நழுவின. இரண்டு வாசலில் விழுந்து நொறுங்கின.

முதலில் வந்த கூரைக்காரர் ஏணியில்கூட ஏறவில்லை. தெருவில் நின்றபடியே, "எல்லாம் போய்விட்டது, முழுவதும் மாற்ற வேண்டும்" என்றார். சிமென்ட் தகட்டில் செய்த போலி சிலேட்டு போட அவர் கேட்ட தொகைக்கு நீ ஒரு கார் வாங்கலாம். அடுத்து வந்தவருக்கு நம் வயதுதான் இருக்கும். மேலே போய் ஒரு கல்லை உருவி எடுத்துவந்தார். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். பானை வாங்கும்போது உன் அம்மா தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. கணீரென்றது. "கல்லுக்கு ஒன்றுமில்லை. செத்தது ஆணி" என்றார். இரும்பு ஆணி துருவேறித் தலை உதிர்ந்துபோனால் நல்ல கல்லும் சரிந்துவிடும். இந்தத் தொழிலில் இதற்கு ஆணி நோய் என்றே பெயர். உடைந்தவற்றோடு, முன்பிருந்தவர்கள் கறுப்பும் சாம்பலுமாக ஒட்டுப்போட்ட இடங்களையும் சேர்த்து, முன்சரிவுக்கு நாற்பது கல் வேண்டும் என்று கணக்குச் சொன்னார்.

அந்த நாற்பதுக்குத்தான் அலைச்சல். உன் பாடு பரவாயில்லை. சீமை ஓட்டைத் திருப்பினால் அடியில் ஆலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். நீ கண்டெடுத்த பாசல் மிஷன் ஓடு, 1865இல் மங்களூரில் ஆலை தொடங்கியவர்கள் செய்தது என்று தானே சொல்லிவிடுகிறது. சிலேட்டில் யார் பெயரும் இல்லை. கல்லைத்தான் படிக்க வேண்டும்.

உடைந்த துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய வீடுகளைப் பிரித்த சாமான் விற்கும் கிடங்குக்குப் போனோம். நூற்றுக்கணக்கில் சிலேட்டுகளைப் புத்தகம் போல நெட்டுக்குத்தாக அடுக்கியிருந்தார்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. இதுதான், இதுதான் என்றேன். கூரைக்காரக் கிழவர் பேசாமல் என் தண்ணீர்ப் புட்டியை வாங்கி, அந்தக் கல்லின் மீதும் என் துண்டின் மீதும் ஊற்றினார். நூறு வருஷக் கரி கழன்றதும் என் துண்டு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. நடுவில் பட்டாணி அளவில் வெளிர்பச்சைப் புள்ளி ஒன்று. நான் காட்டியது வெறும் நீலச் சாம்பல், வேல்ஸில் ஃபெஸ்டினியோக் பக்கத்துக் கல். காய்ந்த கல்லின் முகத்தை நம்பாதே, நனைத்துப் பார், இல்லையென்றால் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து உள்நிறத்தைப் பார் என்பது அன்றைய பாடம்.

கத்தரிப்பூ நிறம் வடக்கு வேல்ஸில் பெத்தெஸ்தா ஊரின் பென்ரின் கல்குவாரியில் கிடைக்கும். பக்கத்து டினோர்விக்கிலும் அதே கல்தொடர்தான். அது 1969இல் மூடிவிட்டது. இரண்டில் எது என்று கிழவர் சத்தியம் செய்யவில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. பென்ரின் இன்னும் கல் வெட்டுகிறது, புதிதாகவே வாங்கலாம். ஆனால் விலை அதிகம், புதுக்கல் பழையதன் நடுவே பளிச்சென்று தெரியும். ஸ்பெயின் கல் மலிவாகக் கிடைத்தது. கெட்டது என்று சொல்ல மாட்டேன். நிறம் சேரவில்லை, சிலவற்றில் துருக்கோடு இறங்கும் சாயலும் இருந்தது.

அளவுகளின் பெயரைக் கேட்டால் சிரிப்பாய். 24க்கு 12 அங்குலம் டச்சஸ், 20க்கு 10 கவுன்ட்டஸ், 16க்கு 8 லேடி. என் தலைக்கு மேல் படுத்திருப்பதெல்லாம் கவுன்ட்டஸ் சீமாட்டிகள். இருபது அங்குலக் கல்லில் வெளியே தெரிவது எட்டரைதான். மிச்சம் மேல்வரிசைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

கிடங்கில் தடிமனும் ஒத்து, தட்டினால் ஒலித்து, ஆணித்துளை விரியாமல் தேறியவை இருபத்தாறு. மிச்சம் பதினான்குக்கு எங்கே போவது என்று நான் விழித்தபோது கிழவர் கையை என் வீட்டின் பின்பக்கம் நீட்டினார். தோட்டத்துப் பக்கச் சரிவில் இருப்பது அதே குவாரி, அதே வயது, அதே கரி. அங்கிருந்து பதினான்கைக் கழற்றி முன்னால் போட்டார். பின்னால் அந்த இடத்தில் நான் கிடங்கில் ஏமாந்த நீலச் சாம்பல் கற்கள் உட்கார்ந்துவிட்டன. தோட்டத்து மரத்து அணிலைத் தவிர யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அவர் வேலை செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நீளமான தட்டை இரும்பு ஒன்றைக் கல்லுக்கு அடியில் செருகுவார். அதன் நுனிக் கொக்கி ஆணியில் மாட்டியதும் ஒரே இழுப்பு, ஆணி அறுந்துவிடும். அந்த இடத்தில் புதுக்கல்லுக்கு ஆணி அடிக்க முடியாது, மேல்வரிசை மறைக்கிறதே! அதனால் ஈயப் பட்டை ஒன்றைச் சட்டத்தில் அறைந்து, கல்லை ஏற்றிவிட்டு, பட்டையின் நுனியைக் கீழே மடித்துப் பிடிக்கவைக்கிறார். தெருவிலிருந்து பார்த்தால் சின்னச் சின்ன ஈய நாக்குகள் தெரிகின்றன. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் முகப்புக்கு இப்படி ஏன் செய்யக் கூடாது? வேறு ஆலை ஓடு வாங்கினால் பள்ளமும் மேடும் பொருந்தி உட்காராது என்று உனக்கே தெரியும். பின்கட்டில், மாட்டுத்தொழுவத்தின் மேல் கிடக்கும் ஓட்டில் ஒன்றைத் திருப்பி, அடியில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
கணேசன்