பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மரக்கூரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு மழையில் ஒதுங்க புளோக்கின் கீழ்த்தளம் இருக்கிறது. தரைவீட்டுப் பேட்டைகளில் குடை மட்டும்தான். அங்கே சிறு மரக்கூரை போட நினைப்பவர்கள் முதலில் இடத்துக்கு அனுமதி வாங்குங்கள். சாலையோரப் புல்தரை வீட்டுக்காரருடையது அல்ல.

ஆறு பிள்ளைகளுக்கு 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் போதும். இருக்கை உயரம் 35 செ.மீ.

பெரும்பாலும் முதலில் கெடுவது தூணின் அடிதான். மரத்தை நேரே சிமெண்டில் புதைத்தால் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சி, வெளியே தெரியாமல் உளுத்துவிடும். செங்கால் என்னும் உறுதியான கடின மரம்கூட இதற்கு விலக்கல்ல. துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியில், தரைக்கு 10 செ.மீ. மேலே தூணை நிறுத்த வேண்டும். கறையான் ஏறினாலும் கண்ணில் படும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியற்காலையில், பிள்ளைகள் நிற்கும் நேரத்திலேயே, மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் பலகை அடையுங்கள். பக்கங்கள் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும் என்பதால், ஆணியை மட்டும் நம்பாமல் உத்தரத்தையும் தூணையும் உலோகப் பட்டையும் போல்ட்டும் கொண்டு பிணைப்பது அவசியம்.

கூரைச் சரிவு பின்பக்கம் போகட்டும். மழைநீர்க் குழாய் வேண்டாம். இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு வந்துவிடும்.

பக்கப் பலகையைத் தரைவரை இறக்காதீர்கள். கீழே 30 செ.மீ. இடைவெளி இருந்தால்தான் உள்ளே நிற்கும் பிள்ளையின் கால்கள் ஓட்டுநருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தச்சுவேலை தெரிந்த வாசகர்கள்,
சிராங்கூன் கார்டன்ஸ்