டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சொட்டுக் கணக்குதான்

ஆசிரியருக்கு,

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், டெல்டாவில் மிச்சமிருக்கும் பெட்ரோல் அம்பாசிடர்கள் காலையில் மக்கர் செய்யும். உடனே கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். பல வண்டிகளில் கோளாறு, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிறது: அதன் மூடியான கேப்புக்குள் ஈரம் கோத்திருக்கும், இல்லையேல் எப்போதோ ஊற்றிய எண்ணெய், மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டில் கருகிப் படிந்திருக்கும். இரண்டாவதற்கு மழையைக் குற்றம் சொல்ல முடியாது.

1489 சி.சி. எஞ்சினில் வரும் லூகாஸ் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கணக்கு இது. கேப்புக்கு அடியில் சுழலும் ரோட்டாரை உருவினால், பாயிண்டைத் திறந்து மூடும் கேமின் உச்சியில் ஒரு ஸ்குரூ தெரியும். அதைக் கழற்ற வேண்டாம். சுற்றியுள்ள இடைவெளி வழியாகவே எண்ணெய் இறங்கும். எஞ்சின் ஆயில் மூன்று சொட்டு. பிளேட் துவாரம் வழியாக, கீழேயுள்ள அட்வான்ஸ் எடைகளுக்கு (வேகம் கூடக்கூடப் பொறியை முன்தள்ளுபவை) இரண்டு மூன்று சொட்டு. பாயிண்ட் ஆடும் முளைக்கு ஒரே சொட்டு. கேம் மேல் கடுகளவு கிரீஸ். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இது போதும். கிரீஸை அப்பினால் சூட்டில் இளகித் தெறித்துப் பாயிண்டில் விழும். பூசாமலே விட்டாலோ, கேமில் உரசும் ஃபைபர் தேய்ந்து பாயிண்ட் இடைவெளி சுருங்கும். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கும், எஞ்சின் சூடேறும், இழுவை போய்விடும்.

முழுதாகப் பிரிப்பதென்றால், ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது, எஞ்சினோடு கோக்கும் அடித்துண்டான டாக் எப்படி நிற்கிறது என்று முதலில் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். டாக்கின் நாக்கு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் எஞ்சினில் ஒரே வாகில்தான் உட்காரும். ஆனால் டாக்கையோ கேமையோ ஷாஃப்ட்டில் அரைச்சுற்று மாற்றிப் பூட்டிவிட்டால், ஒன்றாம் சிலிண்டருக்குப் போக வேண்டிய பொறி நான்குக்குப் போகும். நாலு பிளக் வயரையும் இடம் மாற்றிச் செருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. வண்டி ஓடும், அடுத்துக் கை வைப்பவருக்குத்தான் தலை சுற்றும்.

ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எண்ணெய் பிரயோஜனமில்லை, ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்ற வேண்டும். புது வெண்கலப் புஷ்ஷை எஞ்சின் ஆயிலில் ஒரு முழு நாள் ஊறப்போட்டுத்தான் அடிக்க வேண்டும். ரீமர் போட்டுத் துளையைக் கடைந்தால் அதன் நுண்துளைகள் அடைபட்டுப் போகும்.

திரும்பப் பூட்டுகையில் அதிகம் தவறுவது பாயிண்ட் ஸ்பிரிங் மாட்டும் முளையில்தான். கண்டன்சர் வயரும் காயில் வயரும் பாயிண்ட் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். முளையையோ நட்டையோ தொடக்கூடாது. இடையில் வரும் நைலான் புஷ் இடம் மாறினால் மின்சாரம் நேரே பாடிக்கு இறங்கிவிடும், பொறியே வராது. சாவியைப் போட்டு, காயில் வயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பைப் பிடியுங்கள்: பாயிண்ட் திறக்கையில் எரிந்து மூடுகையில் அணைய வேண்டும். பிறகு ஃபீலர் கேஜில் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) தகட்டை வைத்துப் பாயிண்ட் இடைவெளி பிடித்து, அதன் பிறகே டைமிங். சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை 1-3-4-2, ரோட்டார் இடஞ்சுழி.

நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவும். பென்சில் கீறல்போல் கறுப்புக்கோடு ஓடியிருந்தால் உப்புத்தாள் போட்டுப் பயனில்லை; கேப்பை மாற்றிவிடுங்கள்.

— பழைய பெட்ரோல் வண்டி மெக்கானிக்குகள்,
கும்பகோணம்