வயிற்றுவலி என்றுதான் நினைத்தேன்

அன்புள்ள வசந்தி,

தீபாவளிக்கு மல்லிகாவிடம் நீ கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேரில் வந்து சண்டை போட்டால்தான் தருவேன். ஜூனிலிருந்து உன் போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. சின்னவன்தான்.

காலையில் யூனிஃபார்மைப் பார்த்ததும் வயிற்றுவலி என்பான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் ஒன்றுமில்லை. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். கேரம் போர்டைத் தொடவில்லை, இட்லி பாதி தட்டிலேயே கிடக்கும், எதைச் சொன்னாலும் சுள்ளென்று விழுவான். திமிர் என்றார் இவர். நான் அடித்தேன் வசந்தி. பத்து வயதுப் பிள்ளையை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அக்டோபரில் ஒரு ராத்திரி, "அம்மா, நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதியா இருக்கும்ல?" என்றான். மறுநாளே மனநல டாக்டரிடம் ஓடினோம்.

பிள்ளைகளுக்கு மனச்சோர்வு பல சமயம் எரிச்சலாகவும் உடம்பு வலியாகவும்தான் வெளியே வருமாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிட வேண்டுமாம். டாக்டரம்மா என் கண்முன்னேயே, "செத்துப்போகலாம்னு தோணியிருக்கா?" என்று அவனிடம் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காவிட்டால் பிள்ளை தனியாகச் சுமக்கும் என்றார். அவன் தலையை ஆட்டினான். அப்புறம் என் மடியில் விழுந்து அழுதான்.

வாரம் ஒருநாள் கவுன்சலிங். "எனக்கு எதுவும் வராது" என்று தோன்றினால் நோட்டில் எழுதி, அது நிஜமா என்று அவனே பார்க்க வேண்டும். மனசில்லாவிட்டாலும் தினம் பத்து நிமிடம் சைக்கிள். அது போதாமல் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஆரம்பித்தார்கள். எட்டு வயதிலிருந்தே கொடுக்கும் மருந்துதான். ஆனால் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் அவனைவிட்டு நான் நகரவில்லை, மாத்திரையைப் பீரோவில் பூட்டி வைத்தேன். பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நாமாக நிறுத்தவும் கூடாது.

போன வாரம் கேரம் போர்டுக்குப் பவுடர் கேட்டான்.

சரி, இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். பாப்பா எரிந்து எரிந்து விழுகிறாள், டான்ஸ் கிளாஸை விட்டுவிட்டாள் என்று மல்லிகா சொன்னாள். 'வயசு அப்படி' என்றாயாமே. இருக்கலாம்டி. நானும் ஜூனில் அப்படித்தான் சொன்னேன். இன்று ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக் கேள். பதில் எதுவானாலும் திட்டாதே. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இந்த முறை எடுப்பேன்.

உன்,
கலா