ஆறு வருசம் தொழில் பழகுன பையனுக்கு ஒரு சர்டிபிகேட் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை பக்கம் மீன்பிடி போட்டு (படகு) இன்ஜின் ரிப்பேர் வேலை பாக்குற ஆளுங்க. வேலைக்கு வந்து முப்பது வருசம் ஆச்சு. பேப்பருக்கெல்லாம் எழுதிப் பழக்கம் இல்ல, என் பொண்ணுதான் போன்ல டைப் பண்ணச் சொல்லிக் குடுத்துச்சு, தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. உங்க பேப்பர்ல அப்ரண்டிஸ், அதான் தொழில் பழகுநர், ஆள் எடுக்குறதப் பத்தி நெறைய போடுறீங்க, இவ்ளோ உதவித்தொகை, இத்தனை இடம்னு. நல்லதுதான். ஆனா ஹார்பர்ல எங்ககிட்ட தொழில் பழகுற பசங்க அந்தக் கணக்குல எங்கயுமே வரமாட்டேங்குறானுங்க, அத யாராவது எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு கடைசில நானே உக்காந்துட்டேன்.

நான் 1995ல சேந்தப்ப எனக்கு வயசு பதினாலு. அப்ப அப்ரண்டிஸ்ங்குற வார்த்தையே தெரியாது, "கையாளு"ன்னுதான் சொல்லுவாங்க. மொத வருசம் முழுக்க டீசல்ல பார்ட்ஸ் கழுவுறதும் ஸ்பானர் எடுத்துக் குடுக்குறதும்தான். மேஸ்திரி இன்ஜின் ரூம்ல தலகீழா தொங்கிக்கிட்டு கைய மட்டும் பின்னால நீட்டுவாரு, நம்பர்கூட சொல்ல மாட்டாரு, எந்த போல்ட்டுகிட்ட இருக்காருன்னு பாத்து நாமளே பதினேழா பத்தொம்போதான்னு புரிஞ்சுக் குடுக்கணும், தப்பாக் குடுத்தா அதே ஸ்பானர் திரும்பி வரும். அவரு எதையும் ஒக்கார வச்சு பாடம் நடத்துனதில்ல. ஸ்க்ரூடிரைவர் நுனிய இன்ஜின் பிளாக்ல வச்சு கட்டைப் பிடிய காதுல வச்சு கேக்கச் சொல்லுவாரு, "என்ன கேக்குது"ன்னு கேப்பாரு, நான் சத்தம் கேக்குதுன்னேன், "போடா, எந்த சிலிண்டர்ல"ன்னாரு. அது புரியறதுக்கு எனக்கு ரெண்டு வருசம் ஆச்சுங்க.

தரையில ஓடுற வண்டி இன்ஜினும் போட்டு இன்ஜினும் ஒண்ணுதானேன்னு கேக்குறாங்க. பெரிய போட்டுல நெறைய லாரி கம்பெனி இன்ஜின கடலுக்கு ஏத்த மாதிரி மாத்துனதுதான், அது உண்மை. ஆனா லாரில ரேடியேட்டர், முன்னால காத்து, அவ்ளோதான். இங்க கடல் தண்ணிய உறிஞ்சி ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு சூட்ட மாத்தி விடுற குழாய்ப் பெட்டி வழியா விட்டு உள்ள சுத்துற நல்ல தண்ணிய குளுர வைக்கணும். உறிஞ்சுற பம்புல ரப்பர் இம்பெல்லர், சுத்தி தண்ணிய தள்ளுற சக்கரம், ஒண்ணு இருக்கும், பூ மாதிரி எதழ் எதழா. அடியில பிளாஸ்டிக் பை ஒட்டிக்கிச்சுன்னா தண்ணி வராது, ரப்பர் காஞ்சு ரெண்டு நிமிசத்துல பிஞ்சுரும். புது இம்பெல்லர் போடுறது சின்னப் பையனுக்குக்கூட வரும். பழசுல எத்தன எதழ் கொறையுதுன்னு எண்ணிப் பாத்து, பிஞ்ச துண்டு ஒவ்வொண்ணையும் தேடி எடுக்கணும், அதுதான் தொழில். ஒரு துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்க்குள்ள போயி அடச்சுக்கிச்சுன்னா கரைல நல்லாத்தான் ஓடும், நடுக்கடல்ல லோடு ஏறுனப்பறம் சூடேறி ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற ஹெட் கேஸ்கட் போவும். என்கிட்ட இருக்குற பசங்க பழைய இம்பெல்லர் துண்ட தரையில அடுக்கி வச்சு முழு வட்டமா சேத்துக் காட்டுனாதான் புதுசு போட விடுவேன்.

இன்னொண்ணு அலைன்மெண்ட், இன்ஜினயும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டயும் ஒரே நேர்கோட்டுல நிறுத்துறது. கியர்பாக்ஸ் கப்ளிங்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டு கப்ளிங்கும், அதான் ரெண்டையும் சேக்குற வட்டத் தகடு, சுத்திவர ஒரே இடைவெளில உக்காரணும், ஃபீலர் கேஜ்னு மெல்லிசான அளவுத் தகடு விட்டுப் பாப்போம். என்கிட்ட இருந்த ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன், போட்டு கரைல மேல ஏத்தி வச்சிருக்கும்போதே அலைன்மெண்ட் பாத்து டைட் பண்ணிட்டான். நான் அன்னிக்கு வேற போட்டுல இருந்தேன், திரும்பப் பாக்கல, தப்பு என்னோடதுதான். மரப்போட்டு கட்டை மேல நிக்கிறப்ப ஒரு வடிவம், தண்ணில எறங்குனப்பறம் ஒரு வடிவம். எறக்கி ஒரு நாள் ரெண்டு நாள் ஊற விட்டுத்தான் கடைசி அலைன்மெண்ட் பாக்கணும். அந்தப் போட்டு மொத ட்ரிப்லயே ஷாஃப்ட்டு வழியா தண்ணி உள்ள வராம தடுக்குற கிளாண்ட் சூடாகி கப்ளிங் போல்ட் ரெண்டு வெட்டிக்கிச்சு, இன்னொரு போட்டு போயி கட்டி இழுத்துட்டு வந்துச்சு. ஓனர் திட்டுனதவிட அந்தப் பையன் ரெண்டு நாள் சாப்பிடாம இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. அதுக்கப்பறம் அவன் கை வச்ச ஷாஃப்ட்டு ஒண்ணுகூட கம்ப்ளைண்ட் வந்ததில்ல.

2004 சுனாமில எங்க மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க, அப்ப யாரும் இன்ஜினப் பத்தி யோசிக்கல. ஆனா நாள் ஆவ ஆவ வயித்துப் பொழப்பு கேக்குதே. ஒரு இன்ஜின் உப்புத்தண்ணில முழுகி எந்திரிச்சா ஒடனே இன்ஜெக்டரக் கழட்டி கையால சுத்தி தண்ணிய வெளில தள்ளி, நல்ல தண்ணில அலசி, டீசலும் ஆயிலும் ஊத்தி வைக்கணும், காத்துப் பட்டா அன்னிக்கே துரு ஆரம்பிச்சுரும். எங்க கைக்கு வந்ததெல்லாம் வாரக்கணக்கா கிடந்தது. பிஸ்டன் லைனரோட, அதான் சிலிண்டர் உள்சுவரோட, ஒட்டிக்கிட்டு அசையாது, டீசல் ஊத்தி ஊற வச்சு கட்டைய வச்சுத் தட்டித் தட்டி எடுத்தோம். அந்த ஒரு வருசத்துல நான் கத்துக்கிட்டது அதுக்கு முன்னாடி ஒம்போது வருசத்துல கத்துக்கல, இப்டி சொல்றதே பாவமா இருக்கு.

இப்ப விசயத்துக்கு வரேன். நான் மேல சொன்ன பையன் என்கிட்ட ஆறு வருசம் இருந்தான். போன வருசம் வெளியூர்ல போட்டு கட்டுற ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். அங்க இருந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவலன்னு காட்டிருக்காங்க, டீசல் குழாய்ல அடச்சுக்கிட்ட காத்த (ஏர் லாக்) எடுத்து பத்து நிமிசத்துல ஓட விட்டுட்டான். அப்பறம் சர்டிபிகேட் எங்கன்னு கேட்டிருக்காங்க. இல்லன்னான். ஹெல்பராதான் எடுக்க முடியும்னு சொல்லிட்டாங்க. அந்த இன்ஜின ஓட வைக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னவரு அவனுக்கு மேல ஃபிட்டர், இத அவனே சொல்லி சிரிச்சான், எனக்குத்தான் சிரிப்பு வரல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு. 1961லயே அப்ரண்டிஸ் சட்டம் வந்துருச்சு. 2019ல விதிய மாத்தி 30 பேரு, அதுக்கு மேல வேலை பாக்குற எடத்துல கட்டாயம் எடுக்கணும், 4லேருந்து 29 பேரு இருந்தா இஷ்டப்பட்டா எடுக்கலாம்னு வச்சிருக்காங்க. 2019ல வச்ச உதவித்தொகை மாசம் 5,000லேருந்து 9,000 வரைக்கும் படிப்பப் பொறுத்துன்னும், அதுல நாலுல ஒரு பங்கு, 1,500 ரூபா வரைக்கும், மத்திய அரசே தரும்னும் சொல்லுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஹார்பர்ல எந்தப் பட்டறைல நாலு பேரு இருக்கான்? நான், ஒரு ஃபிட்டர், ஒரு பையன், அவ்ளோதான், லேத்துக்காரரு தனி, வெல்டர் தனி, பம்பு சர்வீஸ் தனி. அதே சட்டத்துல பல முதலாளிங்க ஒண்ணு சேந்து பசங்கள மாத்தி மாத்தி அனுப்பி பயிற்சி குடுக்கலாம்னும் இருக்காம். நாங்க வேலை பாக்குறதே அப்டித்தானே, என் பையன் லேத்துல ஒரு மாசம் நிக்கிறான், பம்புக் கடைல ஒரு மாசம் நிக்கிறான். எங்க பத்துப் பட்டறைய ஒண்ணா சேத்து ஒரு எடமா கணக்கு எடுத்துக்கிட்டா என்ன?

சென்னை ராயபுரத்துல சிஃப்நெட்னு மத்திய அரசோட மீன்பிடிப் பயிற்சி நிலையத்துல மரைன் ஃபிட்டர் கோர்ஸ் ரெண்டு வருசம் இருக்கு, ரொம்ப நல்ல படிப்பு, அங்க முடிச்சுட்டு கடல்ல சர்வீஸ் போட்டவங்க இன்ஜின் டிரைவர் பரிச்சை எழுதி பெரிய கப்பல் வரைக்கும் போயிருக்காங்க. நான் அத கொறை சொல்லல. ஆனா அதுக்கு பத்தாவது பாஸ் பண்ணிருக்கணும், கணக்கு சயின்ஸ்ல மார்க் வேணும். என்கிட்ட வர்றவன் அந்தக் கணக்குலதான் கோட்ட விட்டுட்டு வர்றான். ஐடிஐ டீசல் மெக்கானிக் ஒரு வருசம், அதுலயும் மரைன் இன்ஜின் பத்தி கொஞ்சம் பாடம் இருக்குன்னு சொல்றாங்க, கடல் தண்ணிதான் இல்ல. வேலை தெரிஞ்சவன் தனித்தேர்வரா போயி தொழில் தேர்வு எழுதலாம், அதுக்கும் வழி இருக்கு, ஆனா அனுபவத்துக்கு லெட்டர் கேட்டா எந்த லெட்டர்ஹெட்ல குடுக்குறது? என் பட்டறைக்கு போர்டே கெடையாதுங்க, எல்லாரும் ஐஸ் பிளாண்ட்டுக்கு எதுத்தாப்லன்னு சொல்லி வந்துருவாங்க.

ஒரு யோசனை சொல்றேன், படிச்சவங்க பாத்துக்கட்டும். வருசா வருசம் எங்க கரைல ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பத்தான் எல்லாப் போட்டும் மேல ஏறும், இன்ஜின் எல்லாம் பிரிஞ்சு கிடக்கும், பசங்க ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வேலை பாப்பானுங்க. அந்த நேரத்துல தொழில் தேர்வு வைக்கிற ஆபீசருங்க ஹார்பருக்கே வரட்டும். பேனா பேப்பர் குடுத்து கேள்வி கேக்காதீங்க, பிரிச்ச ஹெட்ட குடுத்து வால்வு கிளியரன்ஸ், அதான் வால்வுக்கு விடுற சின்ன இடைவெளி, வைக்கச் சொல்லுங்க, கூலிங் பம்பக் குடுத்து என்ன கோளாறுன்னு வாயால சொல்லச் சொல்லுங்க, தெரியலன்னா ஃபெயில் பண்ணுங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். தெரிஞ்சா ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போங்க. மீன்வளத்துறை, வேலைவாய்ப்பு பயிற்சித் துறை ரெண்டும் கலந்து பேசுனா ஆவாத காரியம் இல்ல. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவன நான் இன்ஜின் ரூம்ல எறக்குறதில்ல, நான் பதினாலுல எறங்குனதோட போவட்டும், அதனால அந்தக் கவலையும் வேண்டாம்.

அந்தப் பையன் இப்ப திரும்பி என்கிட்டயே வந்துட்டான். நேத்து ஒரு 240 எச்.பி. இன்ஜின தனியா பிரிச்சு அடுக்கி வச்சிருக்கான், நான் பக்கத்துல கூட போகல. ஆபீசர் யாராவது வர்றதா இருந்தா தடைக்காலத்துல காலைல ஒம்போது மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி டீக்கடைல இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு போட்டு மெக்கானிக்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.