போகும்போது 10 நாட், திரும்பும்போது 19

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதியில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கரையோரமாகப் பாய்மரப் படகில் போய்வருவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, படித்தவர்களை உடனே கிளம்பத் தூண்டும்படி இருந்தது. வானிலைக்கு மட்டும் அதில் ஒரே ஒரு வரி: 'முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.' பார்க்காமல் யாரும் கிளம்புவதில்லை. பார்த்த எண்ணைத் தப்பாகப் படிப்பதில்தான் வம்பே தொடங்குகிறது.

முன்னறிவிப்பில் வருவது காற்றின் சராசரி வேகம். இடையிடையே திடீரென அடிக்கும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடுவது சகஜம். 15 நாட் (knot; ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) என்று போட்டிருந்தால் 21 நாட் அடிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் பாய் ஏற்ற வேண்டும். பாயின் மேல் விழும் விசையோ வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். 10 நாட் காற்று 20 ஆனால் விசை நான்கு மடங்கு.

இதைவிட ஏமாற்றுவது படகின் ஓட்டம். 15 நாட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு 5 நாட் வேகத்தில் போகும்போது மேல்தளத்தில் உணர்வது 10 நாட் தான். வெயில் இதமாக இருக்கும், குழந்தைகள் விளையாடும், எல்லாருக்கும் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று தோன்றும். அதே காற்றில் படகைத் திருப்பி எதிர்காற்றில் சாய்வாக ஏறத் தொடங்கினால் முகத்தில் அடிப்பது ஏறக்குறைய 19 நாட். காற்று மாறவே இல்லை, ஆனால் பாயின் மேல் விசை மூன்றரை மடங்காகிவிட்டது. நீரோட்டமும் காற்றுக்கு எதிராகத் திரும்பிவிட்டால் அலை குட்டையாகி, செங்குத்தாக எழும்பி, படகை நிறுத்தி நிறுத்தி அடிக்கும். அதனால் புதியவர்கள் இருக்கும் நாளில் முதல் பாதியை எதிர்காற்றில் போய், திரும்பும் பாதியைக் காற்றோடு வையுங்கள். பிற்பகலில் கடற்காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலைக் காற்றை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் இரண்டு வழியும் எதிர்காற்றாகிவிடும்.

பாயைச் சுருக்குவது, அதாவது ரீஃப் போடுவது பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. விருந்தாளி வந்தால் பாய் விரிப்பதுதான் மரியாதை என்று நினைக்கிற படகோட்டிகள் உண்டு. கடலில் அது செல்லாது. சுருக்கலாமா என்ற யோசனை வந்தாலே நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சந்தேகமான நாளில் கட்டுத்துறையிலேயே ஒரு ரீஃப் போட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம். அவிழ்ப்பது எளிது, அலையில் நின்று போடுவதுதான் கடினம்.

போடும் வரிசை முக்கியம். முதலில் பூமை, அதாவது பாயின் அடிவிளிம்பில் கிடக்கும் கட்டையைத் தாங்கும் கயிற்றை இழுத்து அதன் பாரத்தை ஏந்திக்கொள்ளுங்கள். ஷீட்டை, அதாவது பாயை உள்ளிழுக்கும் கயிற்றைத் தளர்த்திப் பாயைப் படபடக்க விடுங்கள். ஹாலியார்டை, அதாவது பாயை மேலேற்றும் கயிற்றை இறக்கி, முன்விளிம்பில் உள்ள ரீஃப் வளையத்தைக் கொக்கியில் மாட்டுங்கள். ஹாலியார்டை மறுபடி விறைப்பாக ஏற்றுங்கள். அதன் பிறகுதான் பின்விளிம்பின் ரீஃப் கயிற்றை, வளையம் பூமில் ஒட்டும்வரை இழுக்க வேண்டும். கடைசியாகத் தாங்குகயிற்றைத் தளர்த்திவிட்டு ஷீட்டை இழுங்கள். முன்விளிம்பு விறைக்கும் முன்பே பின்பக்கத்தை இழுத்தால் பாய் கோணலாக நின்று தையல் விட்டுப்போகும். தொங்கும் துணியைச் சுருட்டிக் கட்டும் நடுக்கயிறுகளை இறுக்கிக் கட்டுவதும் தப்பு. பாரம் இரு முனை வளையங்களில் விழ வேண்டியது, நடுவில் விழுந்து அந்த வரிசையிலேயே பாய் கிழியும்.

வந்திருப்பவர்கள் விஷயத்தில் ஒன்றிரண்டு. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கியபின் போட்டால் வயிற்றில் தங்காது. முகம் வெளுத்தவரைக் 'கீழே போய்ப் படுத்துக்கொள்' என்று கேபினுக்கு அனுப்பாதீர்கள். தொடுவானம் தெரியும்படி படகின் நடுப்பகுதியில் உட்கார வையுங்கள், முடிந்தால் சுக்கானைக் கையில் கொடுங்கள். கையில் ஒரு வாளியும் கொடுங்கள். பக்கவாட்டில் எட்டிச் சாய்ந்து வாந்தியெடுக்கும்போதுதான் ஆள் தவறி விழுகிறார். மிதவைச் சட்டையில் தொடைகளுக்கிடையே போகும் பட்டியை மாட்டாவிட்டால் தண்ணீரில் சட்டை மேலேறி முகத்தை மூடும். குழந்தைக்கு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து அளவு எடுங்கள். தானாக ஊதும் வகையென்றால் வாயு சிலிண்டர் அதிர்வில் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கையால் முறுக்கிப் பாருங்கள்.

இடிமேகம் தெரிந்தால்: மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர்தான். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று மழைக்கு முன்பே ஓடி வந்துவிடும். தூரத்தில் நீரின்மேல் கறுத்த கோடும் அதன் பின்னால் வெள்ளை நுரையும் தெரியும்போதே பாய்களை இறக்கிக் கட்டிவிட்டு எஞ்சினைப் போடுங்கள்.

அந்த நேரத்தில் பார்த்து எஞ்சின் நிற்கும். இது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. மாதக்கணக்கில் டாங்க் அடியில் தங்கிய கசடை அலை கலக்கிவிட, அது எரிபொருள் ஃபில்டரை அடைக்கிறது. மாற்று ஃபில்டரும், அதை மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றத் தெரிந்த ஓர் ஆளும் படகில் இருக்க வேண்டும். கியர் போடுமுன், எஞ்சின் விசிறியில் சிக்கும்படி தண்ணீரில் எந்தக் கயிறும் தொங்கவில்லை என்று சுற்றிப் பாருங்கள். கரை அருகில் எஞ்சின் நின்றால் பழுதுபார்க்க உட்காராதீர்கள், முதலில் நங்கூரம். ஐந்து மீட்டர் ஆழம், நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை உயரம் ஒரு மீட்டர் என்றால், நங்கூரத்தோடு இருப்பது பெரும்பகுதி சங்கிலியாக இல்லாமல் கயிறாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்ததைப் போல ஏழு மடங்கு, அதாவது 42 மீட்டர் விட வேண்டும்.

வார இறுதிப் பயணத்துக்கென்றே ஒரு தனி ஆபத்து உண்டு: திங்கட்கிழமை. சனிக்கிழமை மோசமான வானிலையில் கிளம்பாத அதே ஆள், ஞாயிறு மாலை அதைவிட மோசமானதில் திரும்பக் கிளம்புவார்; அலுவலகம், பள்ளிக்கூடம். படகை அங்கேயே கட்டிவிட்டு எல்லாரும் சாலை வழியாக வீடு திரும்ப வழி உண்டா என்பதைப் போகுமுன் விசாரித்துவையுங்கள். அதற்கான பணத்தைத் தனியே எடுத்துவையுங்கள். எத்தனை நாட் என்றால் திரும்பக் கிளம்புவதில்லை என்ற எண்ணையும் சனிக்கிழமை காலையே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

கரையில் ஒருவரிடம் படகின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, போகும் வழி, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் கடலோரக் காவல்படையை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். கயிறு கட்டியதும் அவருக்கு முதல் போன். மறந்தால் உங்களைத் தேடி மீட்புப் படகு கிளம்பும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்