மூன்று லட்சத்தை எடுப்பதற்கு முன்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். ஹைதராபாத்தில் உங்கள் தெருமுனை டிமார்ட் சூப்பர்மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டி கிடைக்கவே கால் மணி நேரம் ஆகிறது, அதனால் அந்தக் கம்பெனியின் பங்கை மூன்று லட்சத்துக்கு வாங்கிப் போட்டுப் பதினைந்து வருஷம் தொடப் போவதில்லை என்றாய். நல்ல கம்பெனிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அரை மணி நேரம் பேசினாயே, பங்கு என்ன விலை, அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு தடவையாவது சொன்னாயா? போனில் கணக்குச் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தையில் அதன் பெயர் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். ராதாகிஷன் தமானி 2002-ல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தார். 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். பட்டியலிட்ட அன்றே 600-ஐத் தாண்டியது. 2021 அக்டோபரில் 5,900-ஐத் தொடும் அளவுக்குப் போனது. இனி இதைக் கவனி. 2020-21-ல் விற்பனை 24,143 கோடி, நிகர லாபம் 1,099 கோடி. 2024-25-ல் விற்பனை 59,358 கோடி, லாபம் 2,707 கோடி. நாலு வருஷத்தில் இரண்டும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பங்கோ 2025 மார்ச் தொடக்கத்தில் 3,500-க்கும் கீழே கிடந்தது. கடையில் கூட்டம் ஒருநாளும் குறையவில்லை. உச்சத்தில் வாங்கியவர் அந்த ஆண்டு லாபத்தைப் போல 250 மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினார், அவ்வளவுதான் நடந்தது. 2021-22-ல் பங்கு ஒன்றுக்கு லாபம் சுமார் 23 ரூபாய். 5,900-ஐ 23-ஆல் நீயே வகுத்துப் பார்.

மளிகை வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் மீதிக் கணக்கு பிடிபடும். டிமார்ட் 100 ரூபாய்க்கு விற்றால் சரக்கின் விலை போக நிற்பது 15 ரூபாயை ஒட்டி. சம்பளம், கரண்டு பில், மற்ற செலவு போனால் ஏழரை. தேய்மானம், வரி எல்லாம் போய்க் கடைசியில் நாலரை ரூபாய். இவ்வளவு மெல்லிய லாபத்தில் பிழைக்க வேண்டுமென்றால் சரக்கு ஓட வேண்டும். நம் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளிலும் அதே கதைதான்: அரிசிச் சிப்பம் வந்த வேகத்தில் போய்விடும், பண்ருட்டி முந்திரி டின் தீபாவளி வரை முதலை அடைத்துக்கொண்டு நிற்கும். டிமார்ட்டில் மொத்தச் சரக்கும் கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் ஒரு சுற்று போய்விடுகிறது. சரக்கு கொடுத்தவர்களுக்குப் பத்து நாளைக்குள் பணம் போய்விடும். மற்ற பெரிய கடைகள் சப்ளையரிடம் கெடு வாங்கி அவர் காசில் கடை நடத்தும்போது இவர்கள் மட்டும் ஏன் அவசரப்படுகிறார்கள்? கைமேல் ரொக்கம் கொடுப்பவனுக்கு மொத்த வியாபாரி மூட்டைக்கு என்ன கழிவு தருவான் என்று நம் கடைத்தெருவில் கேட்டுப் பார், விளங்கும். அந்தக் கழிவுதான் அங்கே எம்.ஆர்.பி.க்குக் கீழே போட்டிருக்கிற விலை.

கடை எண்ணிக்கை 2017 மார்ச்சில் 131, 2025 மார்ச்சில் 415. புதுக் கடை திறந்தால் விற்பனை தானே கூடும், அதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. திறந்து 24 மாதம் ஆன பழைய கடைகளில் விற்பனை எவ்வளவு கூடியது என்று ஒவ்வொரு ஆண்டும் தனியாகச் சொல்கிறார்கள். 2023-24-ல் 9.9 சதவீதம், 2024-25-ல் 8.4. இதில் விலைவாசி ஏற்றமும் அடக்கம் என்பதை மறக்காதே. உணவுப் பொருள் விலை 6 சதவீதம் ஏறிய வருஷத்தில் பழைய கடை 8 சதவீதம் வளர்ந்தால் உண்மையில் கூடியது இரண்டுதான்.

இன்னொரு எண் சதுர அடி விற்பனை, அதாவது கடையின் ஒரு சதுர அடிக்கு ஆண்டில் எவ்வளவு விற்றது என்பது. 2019-20-ல் சதுர அடிக்குச் சுமார் 32,900 ரூபாய். கொரோனாவில் விழுந்து, மெல்ல ஏறி, 2023-24-லும் அதே 32,900. நாலு வருஷ விலைவாசியைக் கழித்தால் இது இறக்கம். புதுக் கடைகளைப் பெரிதாகக் கட்டுவது ஒரு காரணம், பெரிய கடை நிரம்ப நாள் பிடிக்கும். துணிமணி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் விற்பனையின் பங்கு மொத்தத்தில் 27 சதவீதமாக இருந்தது 22, 23 சதவீதத்துக்கு இறங்கியது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது. துவரம்பருப்பில் கிடைப்பதைவிட டப்பாவிலும் டி-ஷர்ட்டிலும்தான் லாபம் அதிகம். பருப்பு ஆளை உள்ளே இழுக்கும், டப்பா வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஞாயிறு போகும்போது கூட்டத்தை எண்ணாதே. பில் போடும் வரிசையில் நின்று முன்னால் இருக்கும் பத்து வண்டிகளைப் பார். எத்தனை வண்டியில் எண்ணெய், பருப்பு, சோப்புக்கு மேல் ஒரு துணியோ வாளியோ இருக்கிறது? மேல்தளத்துத் துணிப் பகுதியில் ஆள் நடமாட்டம் எப்படி? அந்தப் பகுதிச் சரக்கு மூன்று வாரம் கழித்தும் அதேதானா? ஆண்டறிக்கையில் பின்னால் வரப்போகும் சங்கதி இது.

ஆண்டறிக்கையைப் பங்குச் சந்தை இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் தாய்க் கம்பெனிக்கு மட்டும் தனிக் கணக்கு, துணைக் கம்பெனிகளையும் சேர்த்துச் சேர்ந்த கணக்கு என்று இரண்டு இருக்கும். 2024-25-ல் தனிக் கணக்கு லாபம் 2,927 கோடி, சேர்ந்த கணக்கில் 2,707 கோடி. நடுவில் காணாமல் போன பணத்தில் பெரும்பகுதி ஆன்லைன் பிரிவான டிமார்ட் ரெடியின் நஷ்டம். எப்போதும் சேர்ந்த கணக்கையே எடு. இரண்டையும் கலந்து வகுத்துவிட்டு "மலிவாகத் தெரிகிறதே" என்று ஏமாறுகிறவர்கள் நிறைய.

வேறு கடைக் கம்பெனியோடு ஒப்பிடும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து வந்த இண்ட் ஏ.எஸ். 116 என்ற கணக்கு விதிப்படி, நீண்ட கால வாடகை வாடகையாகத் தெரியாது. தேய்மானம், வட்டி என்று இரண்டாகப் பிரிந்து கீழே போய்விடும். அதனால் வாடகைக் கடையாகவே நடத்தும் கம்பெனியின் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் நிற்கும் லாபம், ஊதிப்போய்த் தெரியும். டிமார்ட் பெரும்பாலும் சொந்த இடம், அல்லது மிக நீண்ட கால குத்தகை. இரண்டு கம்பெனியின் எபிட்டாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புளியையும் உப்பையும் ஒரே படியில் அளந்த மாதிரி. கீழே வந்து நிகர லாபத்தைப் பார். ரொக்க ஓட்டப் பட்டியலில் குத்தகைக்காகக் கட்டிய பணம் தனி வரியாக இருக்கும், அதையும் பார்.

சொந்த இடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பவே தொழிலில் வரும் ரொக்கம் சரியாகப் போய்விடுகிறது. பங்குதாரருக்கு லாபத்தைப் பிரித்துத் தரும் டிவிடெண்ட் இதுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை. பங்குதாரர் முதலின் மேல் வருமானம் 2024-25-ல் 13 சதவீதத்தை ஒட்டி. கடன் வாங்காமல், புதுப் பங்கு விற்காமல், வந்த லாபத்தை முழுக்க உள்ளேயே போட்டு 13 சதவீதம் சம்பாதிக்கிற கம்பெனி வருஷத்துக்குச் சுமார் 13 சதவீதம்தான் வளர முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் போட்ட முதல் இன்னும் நன்றாக உழைக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து பணம் வர வேண்டும். 2020 பிப்ரவரியில் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்குப் புதுப் பங்கு விற்றுச் சுமார் 4,000 கோடி திரட்டினார்கள். 2024-25-ல் விற்பனை 17 சதவீதம் கூடியும் லாபம் 7 சதவீதம்தான் கூடியது.

இனி விலை. நீ வாங்கும் நாளில் விலை வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறைக்காக 4,000 என்று வைத்துக்கொள்வோம். 2024-25-ல் பங்கு ஒன்றுக்கு லாபம் 41 ரூபாய் 60 காசு. அதாவது 96 மடங்கு. லாபம் பத்து வருஷமும் விடாமல் 15 சதவீதம் வளர்கிறது என்று தாராளமாகவே வைப்போம். பத்தாம் வருஷம் 168 ரூபாய். அப்போது வளர்ச்சி நிதானித்திருக்கும், சந்தை 40 மடங்கு கொடுக்கும் என்று வை. அதுவே நல்ல மரியாதைதான். விலை 6,730. உன் 4,000 ரூபாய் வருஷத்துக்கு ஐந்தரை சதவீதம்கூட வளரவில்லை. மஞ்சக்குப்பம் பேங்கில் எஃப்.டி. போட்டாலே போதுமே! உனக்கு வருஷம் 12 சதவீதம் வேண்டுமென்றால் இதே அனுமானத்தில் இன்றைக்குக் கொடுக்கக்கூடிய விலை சுமார் 2,170. 4,000 கொடுத்தும் 12 வேண்டுமா? பத்து வருஷம் 20 சதவீதம் வளர வேண்டும், முடிவில் 50 மடங்கும் கிடைக்க வேண்டும். நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்புகிறேன் என்று தெரிந்து வாங்கு. தெருமுனைக் கூட்டத்தைப் பார்த்து வாங்காதே.

தப்பாகப் போகக்கூடியது இரண்டு. பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் பத்து நிமிஷத்தில் வாசலுக்கே கொண்டுவருவது ஒன்று. 2024 அக்டோபரில் காலாண்டு முடிவு சொல்லும்போது, பெருநகரங்களில் நன்றாக ஓடும் கடைகளில் ஆன்லைன் மளிகையின் பாதிப்பு தெரிகிறது என்று கம்பெனியே சொன்னது, பங்கு ஒரே நாளில் எட்டு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மாதச் சாமான் வாங்குபவர்கள் ஓடிவிட மாட்டார்கள் என்பது என் எண்ணம். நடுவில் வாங்கும் அரைக்கிலோ ரவையும் பிஸ்கட்டும்தான் போகும். ஹைதராபாத்தில் இருக்கிற உனக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்று பேராசை. டிமார்ட்டிடம் இன்று அது இல்லை, வேறு கடைப் பங்கைப் பார்க்கும்போது உனக்கு உதவும். சென்னையில் 1997-ல் தொடங்கிய சுபிக்‌ஷா நாடு முழுக்கச் சுமார் 1,600 கடை வரை போய், 2009-ல் சரக்கு வாங்கக் கையில் பணமில்லாமல் முடங்கியது. பிக் பஜார் நடத்திய ஃபியூச்சர் ரீடெய்ல் கடனில் மூழ்கி 2022 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குப் போனது; அதற்கு முன்பே வாடகை பாக்கியான கடைகளின் குத்தகை ரிலையன்ஸ் கைக்குப் போய்விட்டது. இரண்டிலும் வாடிக்கையாளருக்குக் குறைவில்லை. அதனால் எந்தக் கடைப் பங்கானாலும் மூன்று வரிகளை ஐந்து வருஷத்துக்கு வரிசையாக எழுது: கடன், சரக்கு, சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி. விற்பனை 15 சதவீதம் கூடும்போது சரக்கு 30 கூடினால் ஏதோ தேங்குகிறது. சப்ளையர் பாக்கி திடீரென வீங்கினால் ரொக்கம் திண்டாடுகிறது. நிறுவனர் பங்கில் அடமானம் இருக்கிறதா என்றும் பார். தமானி தரப்பிடம் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது.

வாங்கித்தான் ஆவேன் என்றால் மொத்தத்தையும் ஒரே நாளில் போடாதே. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல், உன் பங்கு முதலீடு முழுவதிலும் இந்த ஒன்று பத்து சதவீதத்தைத் தாண்டாமல் வை. முதலில் ஐம்பதாயிரத்துக்கு வாங்கு. காலாண்டு முடிந்த இரண்டு மூன்று நாளில் விற்பனைத் தொகையையும் கடை எண்ணிக்கையையும் மட்டும் வெளியிடுவார்கள், லாபக் கணக்கு அதற்குப் பிறகு வரும். இரண்டையும் பார்த்துவிட்டு அடுத்த தவணை. ஒரு வருஷத்துக்குப் பிறகு விற்றால் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்கு முன் விற்றால் 20. இது 2024 ஜூலை 23 முதல் இருக்கும் விகிதம்.

பதினைந்து வருஷம் தொடாமல் விடுவது என்றால் பதினைந்து வருஷம் பார்க்காமல் விடுவது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. வருஷத்துக்கு ஒரு முறை, ஆண்டறிக்கை வந்ததும், பழைய கடை வளர்ச்சி, சதுர அடி விற்பனை, முதலின் மேல் வருமானம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுது. முதலின் மேல் வருமானம் மூன்று வருஷம் தொடர்ந்து இறங்கினால் எனக்குப் போன் பண்ணு.

இப்போதைக்கு ஒரு வேலை. நீ வாங்க நினைக்கும் விலை, வளர்ச்சி இத்தனை சதவீதம், பத்து வருஷம் கழித்து இத்தனை மடங்கு என்று மூன்றையும் உன் கையெழுத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. அது வந்த பிறகு இந்த மூன்று லட்சத்துக்காக ஆபீஸ் எஃப்.டி.யை உடைக்கலாமா என்று பேசுவோம். பக்கத்து வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிறான். கால் கிலோ முந்திரியும் வறுத்த மல்லாட்டையும் கொடுத்தனுப்புகிறேன், மறக்காமல் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா