அக்காவுக்கு: பழைய வீல்களையே மாட்டிவிட்டேன்

அக்கா,

நேற்று சாயந்திரம், நீ ஓட்டிவிட்டு என்னிடம் கொடுத்த வண்டிக்குப் பழைய 16 இன்ச் வீல்களையே திரும்ப மாட்டிவிட்டேன். நீ நினைத்தது போல நான் அவற்றை விற்கவில்லை. ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில்தான் நான்கும் கிடந்தன. டயரின் பக்கச்சுவரில் தயாரித்த தேதிக்கான நாலு இலக்கத்தைத் தேடிப் பார்த்தேன். 2218. 2018-ஆம் வருஷம், 22-ஆவது வாரம். ரோட்டில் படும் பட்டன் தேயாமல் நிறைய இருந்தது, ஆனால் ரப்பர் காய்ந்து மெல்லிய கோடுகளாக வெடிக்க ஆரம்பித்திருந்தது. அதனால் டயரை மட்டும் புதிதாக வாங்கினேன், அதே 235/70 ஆர்16 அளவில். ரிம் எல்லாம் நீ கொடுத்ததுதான். முன் இடது ரிம்மில் நீ பெயின்ட் தொட்டு மறைத்த கீறல்கூட அப்படியே இருக்கிறது.

நாளையோடு அந்த ராத்திரிக்கு ஒரு வருஷம். என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் மணிக்கட்டைப் பற்றியும் இங்கே எழுத மாட்டேன். இதை நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், அதை யாரிடம் சொல்வது என்பது உன் இஷ்டம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் எழுதியாக வேண்டும். எழுதுகிறேன். எடுத்த எடுப்பில் எழுதக் கை வரவில்லை.

இரண்டு நாளாக என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது அந்த ராத்திரி இல்லை. அதற்கு ஒன்பது மாசம் முன்னால், இந்தப் பழைய வீல்களைக் கழற்றிவிட்டு 20 இன்ச் வீல்களை மாட்டி முடித்த சாயந்திரம்தான் ஓடுகிறது. நீ வேலையிலிருந்து நேரே வந்தாய். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. நான் வண்டியைக் கழுவித் துடைத்து, ஷெட் லைட்டைப் போட்டு வைத்திருந்தேன். நீ ஒரு சுற்று சுற்றி வந்தாய். "நல்லா இருக்குடா" என்று சொல்வாய் என்று நின்றேன். நீ முன் இடது வீலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டாய். இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை. "ஸ்டியரிங்கை முழுசா ஒடி" என்றாய். ஒடித்தேன். டயரின் பின் ஓரத்தில் திரும்பவும் விரலை வைத்துப் பார்த்தாய். "இங்க ஒரு விரலே நுழையலைடா."

"ஓடினா சரியாயிடும்" என்றேன்.

எதுவும் சரியாகாது என்று எனக்கு அப்போதே தெரியும். ரப்பர் தேய்ந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். நீ பதில் சொல்லவில்லை. புது டயரில் இருக்கும் முடி போன்ற ரப்பர் துணுக்கு ஒன்று உன் ஆட்காட்டி விரலில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு எழுந்தாய். அந்தத் துடைப்பு எனக்கு எவ்வளவு கோபத்தைக் கொடுத்தது என்று உனக்குத் தெரியாது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

நீ போன பிறகு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாட்டுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு. பழைய ரிம் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 30 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு; அது குறைந்தால் வீல் வெளியே வரும்). புதுசு எட்டரை இன்ச், ஆஃப்செட் 10. ரிம்மின் வெளி ஓரம் 39 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது, அதாவது இரண்டு விரல் அகலம். உள் ஓரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. டயரோடு சேர்த்து பழைய வீலின் உயரம் 735 மில்லிமீட்டர், 265/50 ஆர்20 டயரோடு புதுசு 773. மேலே மட்கார்டுக்கு 19 மில்லிமீட்டர் நெருங்கிவிட்டது. வெளியே தள்ளி நிற்கும் டயர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இன்னும் பெரிய வட்டத்தில் சுற்றி வரும், அதனால்தான் பின் ஓரத்தில் இடமே இல்லை. இதையெல்லாம் நீ மூன்று விரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தாய்.

மறுநாள் காலையில் ஹீட் கன் வைத்து மட்கார்டின் உள்பக்கத்து பிளாஸ்டிக்கை இளக்கிப் பின்னால் தள்ளினேன். போதாத இடத்தில் அறுத்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

சரி, ஏன் செய்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். எல்லாரும் "அக்கா வண்டியா?" என்றுதான் கேட்பார்கள். பெட்ரோல் போடும் இடத்தில், வேலை செய்யும் இடத்தில், நம் வீட்டு விசேஷங்களில், எங்கே நிறுத்தினாலும். பதினோரு வருஷம் நீ ஓட்டின வண்டி, அப்படிக் கேட்பதில் தப்பில்லை. அந்த வீலை மாட்டின நாளிலிருந்து ஒருத்தரும் கேட்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே வேறு வண்டியாகத் தெரிந்தது. அந்த உயரமான உடம்புக்கும் பெரிய வளைவுகளுக்கும் 16 இன்ச் வீல் எப்போதுமே சின்னதாகத்தான் தெரிந்தது. 20 இன்ச் அந்த இடத்தை நிறைத்து நின்றது. அழகாகத்தான் இருந்தது, அக்கா. இதை மட்டும் உனக்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

நீ சாவியை என் கையில் கொடுத்தாய், வண்டியைக் கொடுக்கவில்லை. சர்வீஸ் புத்தகம் உன் அலமாரியிலேயே இருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் உன் கண் ரோட்டைப் பார்க்காது, டெம்பரேச்சர் முள்ளைத்தான் பார்க்கும். "டிஃபரென்ஷியல் ஆயில் மாத்தினியா, கிரீஸ் அடிச்சியா" என்று மாசாமாசம் கேட்டாய். கொடுத்த பொருளைக் கொடுத்தவளே காவல் காத்தால், வாங்கினவன் அதை எப்படித் தன்னுடையது என்று நினைப்பான்? அத்தானிடம் நீ "அவன் வண்டியைக் கெடுத்துட்டான்" என்று சொன்னது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த வீலைக் கழற்றவே போவதில்லை என்று.

பெரிய வீல் போடுவதே தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அதே 20 இன்ச் ரிம்முக்கு 255/45 டயர் போட்டிருந்தால் உயரம் 737 சொச்சம்தான் வந்திருக்கும், பழையதற்கு இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். டயர் கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து வைத்தார். மட்கார்டுக்கு அடியில் இடைவெளி தெரியும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பழைய டயரின் லோடு இன்டெக்ஸ் 106, ஒரு டயர் 950 கிலோ தாங்கும். அந்த 255/45 டயரில் எழுதியிருந்தது 105. அது 925 கிலோதான். இவ்வளவு கனமான வண்டிக்கு அந்த எண்ணைக் குறைக்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரிய நாளாயிற்று.

ஓட்டும்போது உனக்கு முதலில் பிடிபட்டது வேகம். "80தான் காட்டுது, ஆனா அதுக்கு மேல போற மாதிரி இருக்கே" என்றாய். "உயரத்துல உக்காந்திருக்க, அப்படித்தான் தோணும்" என்றேன். தோற்றம் இல்லை. வீல் 5 சதவீதம் பெரிசு, மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் போகும். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவுக்குக் குறைவாகத்தான் ஏறும், ஆயில் மாற்றுவதுகூடத் தள்ளிப்போகும்.

நேற்று வீட்டில் இருக்கும் எடை மெஷினில் ஒவ்வொரு வீலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். பழையது டயரோடு 25 கிலோ. புதுசு 33. ஒரு வீலுக்கு 8 கிலோ, நான்குக்கு 32. அந்தக் கனத்தில் பெரும்பகுதி வெளிவட்டத்தில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அதைச் சுழற்றவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக். "பிரேக் மெத்துனு இருக்கு" என்று நீ சொன்னபோது பேட் தேய்ந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். எட்டாவது மாசமே முன்பக்கத்துக் கீழ் பால் ஜாயின்டில், வீல் திரும்புகிற அந்த மூட்டில், ஆட்டம் வந்தது. வீல் வெளியே தள்ளி நிற்கும்போது ஒவ்வொரு குழியின் அடியும் அங்கேதான் நெம்பும், பேரிங்கிலும்தான். அதையும் உன்னிடம் சொல்லாமல் மாற்றினேன்.

அப்புறம் அந்த ராத்திரி. தண்ணீர் நிறைந்திருந்த குழி எனக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரிந்திருக்காது. பழைய டயரின் பக்கச்சுவர் உயரம் 164 மில்லிமீட்டர், அன்றைக்கு வண்டியில் இருந்தது 132. ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் அந்த 32 மில்லிமீட்டர் ரப்பர் இருந்திருந்தால் டயர் வெடித்திருக்காது, ரிம் விரிசல் விட்டிருக்காது என்று நினைக்கிறேன். இருந்தும் வெடித்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு வருஷமாகத் தூங்கப் போகிறேன்.

இப்போது அந்த விஷயம்.

புது ரிம்மில் நட்டு உட்காரும் துளை குறுகல். அதற்குள் நுழைகிற மாதிரி ஒல்லியான நட்டு, வெளிப்பக்கம் பள்ளம் வெட்டியது. அதற்கென்று இருக்கும் சாவியைச் சொருகினால்தான் கழற்ற முடியும், வண்டியோடு வந்த ஸ்பேனர் அதில் உட்காராது. அந்தச் சாவி ஷெட்டில், டார்க் ரெஞ்சுக்குப் பக்கத்தில், அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்தது. நான் எடுத்து வைக்க மறந்தேன். ஸ்டெப்னி நன்றாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நீயே காற்று பார்த்திருந்தாய். ஜாக்கியும் இருந்தது. மழையில் நீ நல்ல கையில் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் அந்த ஆறு நட்டுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தானுக்கு ஃபோன் செய்தபோது "ஸ்டெப்னியில காத்து இல்லை" என்றேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பொய் எப்படி வளர்ந்தது என்று உனக்குத் தெரியும். "ஸ்டெப்னியைக்கூடப் பார்க்காம தம்பிக்கு வண்டியைக் கொடுத்துட்டா" என்று யார் முதலில் சொன்னார்கள் என்று இங்கே எழுதமாட்டேன், அவர்களும் படிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் அவர்கள் நம்பினார்கள். கையில் கட்டோடு நீ அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாய். அந்த மூன்று மணி நேரம் சாலையோரத்தில் நின்றதற்குக் காரணம் நீதான் என்று ஆகிவிட்டது.

அதனால் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன்: ஸ்டெப்னியில் காற்று இருந்தது. சாவிதான் இல்லை. அதை விட்டுவிட்டு வந்தவன் நான். என் அக்கா அந்த வண்டியை ஒரு நாளும் கவனிக்காமல் விட்டதில்லை.

மன்னித்துவிடு. ஆனால் அக்கா, நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? அன்றைக்கே சாலையில் நின்று என்னைத் திட்டியிருந்தால் அடுத்த வாரம் நான் வீல்களைக் கழற்றியிருப்பேன். நீ சும்மா இருந்தது என்னைக் காப்பாற்றவா, தண்டிக்கவா என்று எனக்குப் புரியவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் உடைந்ததற்குப் பதிலாக இன்னொரு 20 இன்ச் ரிம் வாங்கி மாட்டி இவ்வளவு நாள் ஓட்டினேன்.

போன வாரம் பெட்ரோல் போட நின்றபோது ஒரு பையன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "யார் வண்டிண்ணா?" என்று கேட்டான். "அக்கா வண்டி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது.

பழைய நட்டுகள் நீ வைத்த தகர டப்பாவிலேயே இருந்தன. மேலே உன் கையெழுத்தில் "வீல் நட் 24". எண்ணிப் பார்த்தேன், 24 இருந்தது. எதிரெதிராகப் பிடித்து, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினேன். முன் இடது வீலுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டேன், முழு உள்ளங்கையும் போனது. ஸ்டியரிங்கை ஒடித்தும் பார்த்தேன். அறுத்த பிளாஸ்டிக்குக்குப் புதுசு சொல்லியிருக்கிறேன், அது வரக் கொஞ்ச நாள் ஆகும்.

வீலைக் கழற்றி மாட்டினால் ஒரு 80, 100 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். இதுவரை 12 ஓடியிருக்கிறது. உன் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது 90 ஆகியிருக்கும். ரெஞ்ச் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வீட்டில் இருப்பாயா?